குடைக்குப் போட்ட நாற்காலி

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது அவருடைய பெயரைச் சொல்லக் கூடாது. மற்றபடி அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

துணி வெளுத்து, இஸ்திரி போட்டு, கிழிசல் தைத்து, அளவு திருத்திக் கொடுக்கும் கடை. கடைத்தெருவின் நடுவில், மருந்துக்கடைக்கும் சாவி செய்பவருக்கும் இடையில் இருக்கிறது. இஸ்திரி மேசை என் கணவருடையது, தையல் மெஷின் என்னுடையது. இரண்டுக்கும் நடுவே ஹேங்கர்களில் துணி வரிசையாகத் தொங்குவதால் ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியாது. குரல் மட்டும் போய் வரும். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து மாலையில் இறக்கும்வரை நாங்கள் தமிழில் பேசிக்கொண்டே இருப்போம். பேசுவது என்றால், பெரும்பாலும் நான் திட்டுவேன், அவர் ‘ம்’ கொட்டுவார். இந்தச் சின்ன ஊரில் எங்கள் இருவரைத் தவிரத் தமிழ் தெரிந்த காக்கை குருவிகூடக் கிடையாது. மூன்றாவதாக இருந்தவள் எங்கள் மகள். அவளும் படித்து முடித்துப் பெரிய நகரத்தில் வேலைக்குப் போய்விட்டாள். ஆகவே என் வாய்க்குப் பூட்டே இல்லை.

பெயர்தான் ஆபத்து. வந்த புதிதில் ஒருமுறை ரொட்டிக்கடைக்காரரின் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் எதிரிலேயே, அவர் பெயரையும் சொல்லி, “இவரு வயித்துக்கு இந்தச் சட்டை இன்னும் எத்தனை நாள் தாங்கும்?” என்று கணவரிடம் கேட்டுவிட்டேன். நடுவில் தன் பெயர் ஓடியதும் மனிதர் வகுப்பில் வாத்தியார் கூப்பிட்ட பிள்ளை மாதிரி நிமிர்ந்தார். என்ன சொன்னீர்கள் என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். என் கணவர் கொஞ்சமும் அசராமல், ‘நல்ல துணி, ரொம்ப நாள் தாங்கும் என்று சொல்கிறாள்’ என்று ஊர் மொழியில் சமாளித்தார். ரொட்டிக்கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று மாலையே சட்டம் பிறந்தது. இனிமேல் எல்லாருக்கும் பட்டப்பெயர்.

அப்படி இந்த ஊருக்கே நாங்கள் பெயர் வைத்து முடித்தோம். கடை சாத்தும் நேரம் பார்த்து மூட்டையோடு ஓடி வரும் நர்ஸ், ராகுகாலம். சைக்கிள் சங்கிலியில் மாட்டி மாட்டிப் பேண்ட்டின் ஒரு காலை மட்டும் குதறிக்கொண்டு வரும் கணக்கு வாத்தியார், செயின். ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர் சீருடை கொண்டு வருவார். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவருக்குப் பூனை என்று வைத்தோம். ஒருநாள் ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர், ‘ஸ்டேஷன் மாஸ்டர் இன்றைக்குச் சரியான கோபத்தில் இருக்கிறார், நான் பேசாமல் திரும்பிவிட்டேன்’ என்று பேசிக்கொண்டார்கள். பூனைக்கும் கோபம் வருமா என்று ஆச்சரியமாக இருந்தது. கடைக்கு வந்து சொன்னேன். “பாவம், வீட்ல என்ன பிரச்சினையோ” என்று என் கணவர் அன்று பூனையின் சீருடைக்குக் கூடுதலாக ஒருமுறை இஸ்திரி போட்டார்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெதுவான மனிதர். இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் ஊற்றுவதையே ஏதோ அபிஷேகம் மாதிரி செய்வார். நடுவில் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். “நின்னுகிட்டே கனவு காணாம வேலையப் பாருங்க!” என்பது நான் தினம் சொல்லும் மந்திரம். “இதோ, இதோ” என்பது அவருடைய பதில் மந்திரம். ஆனால் அவர் கையால் இஸ்திரி போட்ட காலரை இந்த ஊரில் யாராவது குறை சொல்லட்டும், பார்க்கிறேன். கல்யாணத்துக்கும் நேர்முகத் தேர்வுக்கும் சாவுக்கும் இந்த ஊர் அவர் போட்ட மடிப்போடுதான் போகிறது.

நான் மட்டும் லேசுப்பட்டவளா? நான் ஓரம் மடித்துத் தைத்தால் தையல் எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். இந்த ஊரில் எந்தப் பேண்ட்டும் நான் சொன்ன இடத்தில்தான் முடியும். யார் வந்து எப்போது கிடைக்கும் என்று கேட்டாலும் ‘வியாழக்கிழமை’ என்பேன். கெஞ்சினாலும் வியாழக்கிழமைதான், அதட்டினாலும் வியாழக்கிழமைதான். ஒரே ஒரு வியாழக்கிழமைகூட நான் தவறியதில்லை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற பெருமையை இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது.

இனி, குடை.

வெயிலோ மழையோ, கையில் ஒரு கறுப்புக் குடை இல்லாமல் அந்த அம்மாளைப் பார்க்கவே முடியாது. உயரமானவர், தனி ஆள். ஒரு காலத்தில் ரயில்வே ஸ்டேஷனில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்பதை இந்த ஊர் பல வருஷம் அவர் குரலில்தான் கேட்டது. ஒரு குளிர்காலத்தில் கடுகு நிறக் கோட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். ஜிப் மாற்ற வேண்டும். உடம்பில் இருந்ததையே கழற்றிக் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றார். என் கணவர் ஸ்டூலை இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்காரச் சொன்னார். நீராவி வரும் இடம், கதகதப்பாக இருக்கும். ஜிப் மாற்றிக் கொடுத்த பிறகும் அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மறுபடி வந்தார். கையில் துணி இல்லை, குடை மட்டும்.

“என்னங்க, குடை சும்மா உக்காரத்தான் வந்திருக்கு போல” என்றேன்.

“உக்காரட்டும். ஸ்டூல் தேஞ்சா போயிடும்?” என்றார் அவர்.

ஸ்டூல் தேயவில்லை. ஆனால் அந்த அம்மாளுக்கு முதுகு வலித்தது எனக்குத் தெரிந்தது. கை வைத்த நாற்காலி ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்தோம். மிஞ்சிய கோட்டு லைனிங்கில் நான் ஒரு மெத்தை தைத்துப் போட்டேன். அதன் பிறகு மத்தியானமானால் குடை வரும், உட்காரும், தெருவைப் பார்க்கும், விளக்குப் போடும் நேரத்தில் எழுந்து போகும். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாது. அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் பாட்டுக்கு மெஷினை ஓட்டிக்கொண்டு, “அந்தக் கோட்டுக் கலரப் பாருங்க, பித்தம் எடுத்தவன் வாந்தி மாதிரி” என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

கட்டடமே அந்த அம்மாளுடையது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. வாடகை ஓர் அலுவலகம் மூலமாகப் போய்க்கொண்டிருந்ததால் சொந்தக்காரர் யார் என்று நாங்கள் கேட்டதே இல்லை. தெரிந்த அன்று என் கணவர் துணியை எடுத்துக்கொண்டு நாற்காலியைத் துடைக்கப் போனார். நான் கையைத் தட்டிவிட்டேன். “நேத்து இருந்த தூசியிலதான் இன்னிக்கும் உக்காரணும். வீட்டுக்காரம்மான்னு தெரிஞ்சதும் தொடச்சு வெச்சா அசிங்கம்” என்றேன். அவருக்கும் அது சரி என்று பட்டது. குடை வந்து, அதே தூசியில் உட்கார்ந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் தேங்காய் வந்து சேர்ந்தான்.

தேங்காய் என்பது குடையின் அண்ணன் மகன். பளபளவென்ற சட்டை, நல்ல வாசனை. உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் சுவரை விரல் மடக்கித் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். இன்னொரு இடத்தில் தட்டினான். “என்னங்க இவன், தேங்காய் முத்திருக்கான்னு பாக்குற மாதிரி தட்டுறான்” என்றேன். பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

தட்டி முடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். அத்தைக்கு வயதாகிவிட்டது, இனிமேல் கட்டடத்தைத் தான் பார்த்துக்கொள்ளப் போகிறான். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இந்த இடத்தில் அவன் காப்பிக்கடை வைக்கப் போகிறான். அத்தை கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி, வெள்ளிக்கிழமை அதுவும் முடிந்துவிடும். இதையெல்லாம் சிரித்த முகத்தோடு சொன்னான். போகும்போது நாற்காலியைப் பார்த்தான். மெத்தையை இரண்டு விரலால் அமுக்கினான். வீட்டுக்காரருக்கு நல்ல நாற்காலிதான் போட்டு வைத்திருக்கிறீர்கள், புத்திசாலிகள், அத்தையிடமும் அதைத்தான் சொன்னேன் என்றான்.

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. கடையைக் கேட்டதுகூடப் பரவாயில்லை. கட்டடம் அவர்களுடையது, கேட்பார்கள். ஆனால் அந்த நாற்காலியைக் காரியக்கார நாற்காலி என்று சொல்லிவிட்டானே! அதை அந்த அம்மாள் காதிலும் போட்டுவிட்டானே! அவன் போன பிறகு நான் தைத்த ஜிப் கோணிப்போய்விட்டது. என் வாழ்க்கையில் நான் தைத்த ஜிப்பை நானே பிரித்துத் தைத்தது அன்றுதான்.

அந்த வாரம் குடை வரவே இல்லை. மத்தியானமானால் என் கணவர் கதவைப் பார்ப்பார், பிறகு நாற்காலியைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்க்காமல் இஸ்திரியைத் தொடர்வார். கடைத்தெருவில் வேறு காலி இடம் கிடையாது. எங்கள் மெஷின்களையும் மேசையையும் கொண்டு போய் வைக்க எங்கள் வீட்டிலும் இடம் கிடையாது. கடை போனால் இந்த ஊரில் எங்களுக்கு வேலை போயிற்று. வேலை போனால் எதற்காக இங்கே இருக்க வேண்டும்?

மகளிடம் போனில் சொன்னேன். அவள் தயாராக இருந்தவள் மாதிரி, “அப்ப இங்க வந்துடுங்கம்மா. ரூம் சும்மாதானே கிடக்கு. நீ எத்தனை வருஷமாத்தான் அந்த மெஷின் முன்னாடி குனிஞ்சுகிட்டே இருப்ப?” என்றாள்.

“வந்து?”

“வந்து ரெஸ்ட் எடு.”

“உன் சோபால உக்காந்து ரிமோட்டப் பிடிச்சுகிட்டு, நீ எப்ப வருவேன்னு வாசலப் பாத்துகிட்டு இருக்கவா? எனக்கு இங்க ஊரு இருக்குடி.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அதுவரை ‘இந்த ஊர்’ என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். மகள் பேச்சை மாற்றினாள். “குடை என்னம்மா சொல்லுது?” என்று கேட்டாள். வரவில்லை என்றேன். “வரும் பாரு” என்றாள். எதை வைத்துச் சொன்னாளோ.

வெள்ளிக்கிழமை வந்தது. நானும் அவரும் எப்போதும்போலக் கடை திறந்தோம். முந்தின நாள் கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்தாகிவிட்டது. நான் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். அவர் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். போகப் போகிற கடையை ஏன் துடைக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை. நானும்தானே எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் தேங்காய் காரில் வந்து இறங்கினான். கூடவே குடையும் இறங்கியது. கடுகு நிறக் கோட்டு, கையில் குடை. நேரே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தது. எங்களைப் பார்க்கவில்லை, தெருவைத்தான் பார்த்தது. தேங்காய் கவுண்ட்டர் மேல் காகிதத்தை விரித்தான். பேனாவை அதன் மேல் வைத்தான். அத்தைக்கு உடம்பு முடியவில்லை, வீட்டிலேயே கையெழுத்துப் போடச் சொன்னேன், நேரில்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்திருக்கிறார் என்றான்.

எங்களுக்கு ஒரு பழக்கம். எதிரில் யார் இருந்தாலும் முக்கியமான விஷயம் என்றால் இருவரும் தமிழில் கலந்து பேசிக்கொள்வோம். தனியாகப் போய்ப் பேச வேண்டிய அவசியம் எங்களுக்கு இருந்ததே இல்லை. அன்றும் அப்படித்தான் ஆயிற்று.

என் கணவர் ஹேங்கர் வரிசையை விலக்கிக்கொண்டு வந்து, மெதுவாகச் சொன்னார். “நீ குடைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். இத்தனை வருஷம் இங்கதானே உக்காந்துச்சு. அந்த நாற்காலிய ஞாபகப்படுத்தினா மனசு எளகும்.”

எனக்கு வந்ததே ஒரு கோபம்.

“பேசாம இருங்க! நாற்காலியக் காட்டிப் பிச்சை கேக்கச் சொல்றீங்களா? அது குளிர்ல நடுங்கிகிட்டு வந்துச்சு, போட்டோம். வீட்டுக்காரம்மான்னு தெரிஞ்சா போட்டோம்? இன்னிக்கு அதைச் சொல்லிக் காரியம் சாதிச்சா, இந்தத் தேங்காய் சொன்னது நிஜமாயிடும். கடை போனாப் போகட்டும். வரும்போது வெறுங்கையோடதான் வந்தோம். கை ரெண்டும் அப்படியேதான் இருக்கு. போற எடத்துல தைக்கிறோம்.”

“சரிம்மா, கத்தாத.”

“கத்தல. ஒண்ணு மட்டும் செய்யுங்க. இந்த நாற்காலியத் தூக்கிட்டுப் போய் அது வீட்டு ஜன்னலோரமாப் போட்டுட்டு வாங்க. இங்க காப்பிக்கடை வந்துட்டா மத்தியானத்துல எங்க போய் உக்காரும்? அதுக்குன்னு யாரு இருக்கா? இந்தத் தேங்காயா?”

கடைசி வார்த்தையில் என் குரல் உடைந்துவிட்டது. அது எனக்கே பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் கணவர் என்ன செய்வது என்று தெரியாமல் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். இஸ்திரிப் பெட்டி மட்டும் புஸ்ஸென்று நீராவி விட்டது.

“நின்னுகிட்டே கனவு காணாம வேலையப் பாருங்க!”

“இதோ, இதோ” என்று என் கணவர் ஓடிப் போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். யாருடைய சட்டையோ, பாதிக் கை இஸ்திரி போட்ட பிறகுதான் அவர் கை நின்றது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

நான் வாயே திறக்கவில்லை.

குரல் நாற்காலியிலிருந்து வந்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கணீரென்று, கடைசி நடைமேடையில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி. ஸ்டேஷன் அறிவிப்பு தமிழில் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் அந்தக் கோபம், அந்த இழுப்பு, ‘பாருங்க’வில் விழுகிற அந்த வெட்டு, எல்லாம் என்னுடையது.

தேங்காய் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அத்தை, என்ன பேசுகிறீர்கள் என்றான். குடை குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, அவன் பக்கம் திரும்பியது.

“நீங்க கொஞ்ச நேரம் வாய மூடிகிட்டு உக்காருங்க, தேங்காய்.”

திட்டும்போதுகூட ‘நீங்க’. நான் என் கணவரைத் திட்டுவதைக் கேட்டே கற்ற தமிழ், வேறு எப்படி வரும்? தேங்காய் பரிதாபமாக என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டான். உட்காரச் சொல்கிறார் என்று ஊர் மொழியில் சொன்னேன். மீதியை நான் வைத்துக்கொண்டேன். அவன் உட்கார இடம் தேடினான். கடையில் இருந்த ஒரே நாற்காலியில் அவனுடைய அத்தை இருந்தார்.

பிறகு குடை ஊர் மொழிக்கு மாறியது. இவ்வளவு நீளமாக அந்த அம்மாள் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. காரியத்துக்காகத்தான் இவர்கள் உங்களுக்கு நாற்காலி போட்டார்கள் என்று நீ சொன்னாய், எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது, அதுதான் இந்த வாரம் முழுக்க வரவில்லை என்று மருமகனிடம் சொன்னார். பிறகு யோசித்தேன், வேறு யாரிடமும் சொல்லாததையும் இவர்கள் என் எதிரில் சொல்வார்கள், போய் உட்கார்ந்தால் தெரிந்துவிடும் என்று வந்தேன், தெரிந்துவிட்டது என்றார். எழுந்து வந்து கவுண்ட்டர் மேல் இருந்த காகிதத்தை நாலாக மடித்து அவன் சட்டைப் பையில் செருகினார். இவர்களாகப் போகிறோம் என்று சொல்லும்வரை இந்தக் கடை இவர்களுடையது, திங்கட்கிழமை அதை எழுதியே கொடுக்கப் போகிறேன், நீ காப்பியை வேறு எங்காவது ஊற்று என்றார்.

தேங்காய் ஏதோ சொல்லப் பார்த்தான். பழக்க தோஷத்தில் சுவரை ஒரு தட்டுத் தட்டினான். குடை பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டான்.

எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. கடை நின்றது, சரி. ஆனால் இத்தனை வருஷம் நான் பேசிய பேச்சு? ராகுகாலம் பற்றி, செயின் பற்றி, எங்கள் வீட்டுச் சண்டை பற்றி, எல்லாவற்றுக்கும் மேலாக இந்த அம்மாளைப் பற்றியே? ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. என் கணவர் இஸ்திரி மேசைக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டிருந்தார். எனக்கு ஒளியவும் இடமில்லை.

குடை மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டின் முன்பக்கத்தை நீவிவிட்டது.

“கோட்டுக் கலர் நல்லாத்தான் இருக்கு” என்றது.

“நல்லால்ல” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பயந்தாலும் அந்தக் கலரை நல்ல கலர் என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்த அம்மாள் சிரித்தார். நான் முதல்முறையாக அவர் பல்லைப் பார்த்தேன்.

“எப்படிக் கத்துகிட்டீங்க?” என்று என் கணவர் மேசைக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்டார்.

“உங்க பொண்ணு” என்றார். நாற்காலிக்குக் கீழே தரையில் ஒரு சின்ன உயரத்தைக் கையால் காட்டினார். “மெஷின் ஓடும்போது, அம்மா என்ன சொல்றா, கேப்பேன். அவ சொல்வா. அப்புறம் நானே.”

நியாயம்தான். வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தத்தை வைத்து இன்ன வண்டி என்று சொன்ன காது அது. ஆனால் எனக்கு ஆறவில்லை.

“தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீங்க பேச மாட்டீங்க.” கொஞ்சம் யோசித்து, சொற்களைத் தேடி எடுத்துச் சொன்னார். “என் வீட்ல பேச்சு இல்ல. இங்க இருக்கு.”

மெஷினுக்குப் போய் உட்கார்ந்து, நூல் கோக்கத் தெரியாதவள் மாதிரி ஊசியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். கண் சரியாகத் தெரியவில்லை.

விளக்குப் போடும் நேரம். குடை எழுந்தது. கதவுவரை போய் நின்று, நீங்கள் எனக்குப் பெயர் வைத்த மாதிரி நானும் உங்களுக்கு வைத்திருக்கிறேன் என்று ஊர் மொழியில் சொன்னது. என் கணவரைக் குடையால் காட்டி, கூட்ஸ் வண்டி என்றது. மெதுவாக வரும், வழியில் நின்று நின்று வரும், ஆனால் எவ்வளவு ஏற்றினாலும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். என் கணவருக்கு முகமெல்லாம் பல்.

“நான்?” என்றேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் என்றது. நீங்கள் சொன்னால்தான் எதுவும் கிளம்பும். சொன்ன நேரத்துக்கு வந்தும் சேரும். நான் வேலை பார்த்த காலத்தில் அப்படி ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் எனக்குக் கிடைக்கவில்லை. என்றைக்கோ ரொட்டிக்கடையில் ஒருமுறை சொன்னேன், இப்போது ஊரே அப்படித்தான் சொல்கிறது. உங்களுக்குத் தெரியாதா?

ரொட்டிக்கடை வரிசையில் காதில் விழுந்தது நினைவுக்கு வந்தது. சரியான கோபத்தில் இருக்கிறார், பேசாமல் திரும்பிவிட்டேன். நான் என் கணவரைப் பார்த்தேன். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப பூனைக்கு நான் அன்னிக்குச் சும்மாவா ரெண்டாந்தரம் இஸ்திரி போட்டேன்?” என்றார்.

குடை போன பிறகு மகளுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, “ஏண்டி, உனக்கு எல்லாம் தெரியுமா?” என்று கத்தினேன். அந்தப் பக்கம் சிரிப்பு நிற்கவே இல்லை. “நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே சத்தியம் வாங்கிகிச்சும்மா, சொல்லக் கூடாதுன்னு. இப்பக்கூட எனக்குப் போன் பண்ணும். நல்லாத் தமிழ் பேசுதுல்ல?” என்றாள்.

“என்ன நல்லா? எப்பப் பாத்தாலும் திட்டுற மாதிரியே பேசுது.”

“உங்கிட்டதானே கத்துகிச்சு.”

பெரிய நகரத்துக்கு வாருங்கள் என்று அவள் அன்று சொல்லவில்லை. அதன் பிறகும் சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஷட்டரைத் தூக்கினோம், அவர் இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் ஊற்றும் அபிஷேகத்தை ஆரம்பித்தார். முதல் ஆளாக ரொட்டிக்கடைக்காரர் வந்தார். வயிறு இன்னும் கொஞ்சம் பெருத்திருந்தது. செய்தி அதற்குள் ஊர் முழுக்கப் போயிருக்க வேண்டும், மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். ஒரு பேண்ட்டைக் கவுண்ட்டர் மேல் வைத்தார். இடுப்பை இரண்டு விரல் அளவு விட வேண்டும். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, என் முகத்துக்கு நேரே கேட்டார்.

“ஸ்டேஷன் மாஸ்டர், இது எப்போது கிடைக்கும்?”

ஹேங்கர் வரிசைக்கு அந்தப் பக்கம் என் கணவர் சிரிப்பது கேட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. கல்யாணத்தன்று மாலை போட்டுக்கொண்டு நின்றபோதுகூட நான் இப்படி நிமிர்ந்து நின்றதில்லை. துண்டுச் சீட்டைக் கிழித்துப் பேண்ட்டில் குத்தினேன்.

“வியாழக்கிழமை” என்றேன்.